மேன்ஹோல் இல்லாத சந்து

“உங்க சந்துல மேன்ஹோலே இல்லம்மா.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். கண்ணாடியின் அடியில் காகிதம் நீட்டுவதற்கு ஓர் அரைவட்டம் வெட்டியிருந்தது. பேசுவதற்கு என்று தனியாக எதுவும் இல்லை. வந்தவர்கள் குனிந்து அந்த அரைவட்டத்தில் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். அவளும் குனிந்தாள்.

“இல்லாத மேன்ஹோல் எப்படி சார் அடைச்சுக்கும்?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் நிமிர்ந்து திரும்பினாள்.

“சிரிங்க. நாளைக்கு உங்க வீட்டு அடுப்படிக்கு வரும். அப்பவும் சிரிங்க.”

சிரிப்பு நின்றது. அவள் மறுபடி குனிந்தாள்.

“பாதாள சாக்கடை போட்டப்ப வரைபடம் வரைஞ்சிருப்பீங்கல்ல? அத எடுத்துப் பாத்துச் சொல்லுங்க.”

“சுத்தம் பண்ற பட்டியல்ல உங்க சந்து இல்ல. பட்டியல்ல இல்லாத எடத்துக்கு, மனுவோட ஆதாரம் வைக்காம லாரி வராது. வரைபடமெல்லாம் பதிவறையில கெடக்கு. தேட ஆள் இல்ல.”

“எப்ப ஆள் வரும்?”

“நாளைக்கு வாங்க.”

அந்த எழுத்தருக்கு ஊர் வைத்த பெயரே ‘நாளைக்கு’. வாசல் படியேறும்போதே, “நாளைக்கு இன்னைக்கு வந்திருக்காரா?” என்று விசாரித்துக்கொண்டுதான் ஆட்கள் உள்ளே போவார்கள். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் மாற்றிச் சொல்ல அவர் நினைத்ததில்லை.

அவள் சலவைக்கடை வைத்திருந்தாள். வீட்டின் பின்பாதிதான் கடை. தரையில் துவைக்கும் மெஷின்கள் இரண்டு, உலர்த்தும் மெஷின் ஒன்று. சுவரோரம் நீள மேஜை. அதன்மேல் பழைய கம்பளியை மடித்து விரித்து இஸ்திரி போடுவாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் மூட்டையாக அவளிடம் வந்தன. லாட்ஜ்தான் சோறு போட்டது. சட்டையும் பேன்டும் கொண்டுவருகிறவர்களை நம்பி ஒரு வாரம் ஓட்டலாம். மாதம் ஓட்ட முடியாது.

மழை பிடித்ததிலிருந்து தரையில் பதித்த ஜாலி வழியாகத் தண்ணீர் போகவில்லை. மேலே வந்தது. முதலில் வந்தது சோப்பு நுரை. அது அவள் ஊற்றிய நுரைதான் என்பதால் பொறுத்துக்கொண்டாள். அப்புறம் கறுப்பாக வந்தது. அப்புறம் தெருவே காலையில் கழித்துவிட்டது எல்லாம் அவள் கடைக்குள் வந்து மிதந்தது. செங்கல் அடுக்கி மெஷின்களைத் தூக்கி வைத்தாள். துவைத்த தண்ணீரை வாளி வாளியாகப் பெரிய தெருவரை சுமந்து போய்க் கொட்டினாள். கழுவி, மருந்து தெளித்து, ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் அழுக்கு தெரியாமல் இருந்தாலும் நாற்றம் தெரியாமல் இருக்காது. வெயிலும் இல்லை. உலர்த்தும் மெஷின் அறைக் காற்றைத்தான் சூடாக்கித் துணிக்குள் அனுப்பியது.

லாட்ஜ் மேனேஜர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டான்.

“அக்கா, ஒருத்தர் தலகாணிய மோந்து பாத்துட்டு ரூமே வேணாம்னு போயிட்டார்.”

“சோப்ப மாத்திட்டேன் தம்பி. இந்தத் தடவ நல்லா வரும்.”

“சோப்பா அக்கா இது? வாசல்ல நிக்க முடியல எனக்கு. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல வேற எடம் பாத்துக்குவேன். என்னைத் திட்டக்கூடாது.”

“திட்டாம? மாலை போட்டு அனுப்பறேன்.”

அவன் சிரித்துக்கொண்டே போனான். மிரட்டலை அவன் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டின் முன்பாதி அவள் கணவனுடைய அக்காவுக்கு. பெரிய தெருவைப் பார்த்த அந்த அறையில் ஜெராக்ஸ் கடை நடந்தது. தெருவில் எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்காதான். வீட்டின் பக்கவாட்டில் ஒரு சந்து. சலவைக்கடைக்கு வர அது ஒன்றுதான் வழி. இவள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து ஜெராக்ஸ் அக்கா அந்தச் சந்தில் பாதியைக் கடைக்குள் இழுத்துச் சுவர் எழுப்பிவிட்டாள். இவள் குழந்தையோடு திரும்பி வந்தபோது சந்தில் ஒருக்களித்து நடக்க வேண்டியிருந்தது. கடைக்குள் புதுத் தரை பளபளத்தது. இவள் கணவன் டைல்ஸ் மேஸ்திரி. தரை யார் போட்டது என்று அவனிடம் கேட்டாள்.

“வெளியூர் ஆளுங்க. அக்காவே கூட்டிட்டு வந்துச்சு.”

கூடப்பிறந்த தம்பி மேஸ்திரியாக இருக்க, வெளியாளைக் கூட்டி வந்த அவமானம் அவனுக்கு இருக்கும் என்று அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனால் அந்தச் சந்தில் இரும்பு மூடி ஒன்று இருந்ததை அவள் மறக்கவில்லை. கல்யாணமாகி வந்த அன்று அதில்தான் கால் இடறியது.

அலுவலகத்திலிருந்து திரும்பியவளை ஜெராக்ஸ் அக்கா கடைக்குள் இருந்தபடியே பிடித்துக்கொண்டாள். உள்ளே இரண்டு மூன்று பேர் காகிதங்களோடு நின்றிருந்தார்கள்.

“என்ன, நகராட்சியில வேல போட்டுக் குடுத்துட்டாங்களா? தெனமும் கெளம்பிப் போறியே.”

“உங்க கடைக்கு அடியில இருக்கறதத் தேடித்தான் அண்ணி போறேன்.”

“தேடு, தேடு. பொதையல் கெடச்சா எனக்குப் பாதி.”

“பாதி எதுக்கு? முழுசா நீங்களே வச்சுக்குங்க. வாசந்தான் இப்பவே வருதே.”

காகிதத்தோடு நின்றவர்களில் ஒருவர் வெளியே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இந்தா பாரு, இங்க மூடியும் கெடையாது, மண்ணாங்கட்டியும் கெடையாது. ஊர்ல இருக்கறவன் அழுக்கையெல்லாம் வாங்கி வந்து நுரை நுரையா ஊத்தறது நீ. எந்தக் குழாய் தாங்கும்? தெருவ நாற அடிச்சுட்டு என் தரைய ஒடைக்கப் பாக்கறியா?”

“உங்க தம்பியையே கேக்கறேன், மூடி இருந்துச்சா இல்லையான்னு.”

“கேளேன். அவன் உன்ன மாதிரி இல்ல. அவனுக்குப் பொய் வராது.”

கணவன் பொழுது சாயும் நேரத்துக்கு வந்தான். நகராட்சி நடைபாதைக்குக் கல் பதிக்கும் வேலையில் ஒரு காண்ட்ராக்டரிடம் இருந்தான். முழங்காலில் சிமெண்ட் காய்ந்து வெடித்திருந்தது. சட்டையை மாற்றாமலே நீளக் கம்பியை எடுத்து ஜாலிக்குள் விட்டான். கம்பி கொஞ்சதூரம் போய் இடித்து நின்றது. குடைந்தான். தண்ணீர் விரலளவு இறங்கியது. காலையில் அது மறுபடி ஏறிவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

சோறும் அவித்த முட்டையும் வைத்தாள். அறையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. சந்தில் ஒரு பலகையை நீளவாக்கில் போட்டு உட்கார்ந்தார்கள்.

“சந்துல மூடி இருந்துச்சுதானே?”

“இருந்திருக்கும்.”

“இருந்திருக்கும்னா? நீங்க பொறந்து வளந்த வீடு இது.”

“ஊரெல்லாம் மூடி. எந்த மூடின்னு நெனப்பு வச்சுக்கறது?”

“நான் வந்த அன்னைக்கு இடிச்சுக்கிட்டேன். எனக்கு நெனப்பிருக்கு.”

“சரி, இருந்துச்சுன்னே வச்சுக்க. அதுக்கு ஆபீஸ்ல போய் நிக்கணுமா? நான் அவங்க வேல பாக்கறேன். காண்ட்ராக்டர் காதுல விழுந்தா அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடுவானா?”

“உங்க வேல போகக்கூடாது. என் கடை போகலாம்.”

“நான்தான் கம்பி விட்டுச் சரிபண்றேன்னு சொல்றேன்ல.”

“நீங்க விடற கம்பிக்கு அது பயப்படல.”

அவன் முட்டையை இரண்டாகப் பிட்டான். மஞ்சள் கருவை ஓரமாக ஒதுக்கினான். அவனுக்கு அது பிடித்த பாகம், கடைசியில்தான் சாப்பிடுவான். அன்று அதைச் சாப்பிடாமலே தட்டைக் கீழே வைத்துவிட்டான். பயந்த மனுஷன், அக்கா முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வராதவன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைக்கவில்லை.

அடுத்த தடவை அவள் அலுவலகத்துக்கு மூட்டையோடு போனாள். லாட்ஜிலிருந்து திரும்பி வந்த அதே மூட்டை. ராத்திரி தரையில் ஏறிய தண்ணீர் அதன் அடியில் ஊறியிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் இருந்த பலகையில் அதைத் தூக்கி வைத்தாள். வரிசை முதலில் ஓரடி பின்னால் நகர்ந்தது. பிறகு கதவுப் பக்கம் போனது. பிறகு வரிசையாகவே இல்லை.

நாளைக்கு கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“என்னம்மா இது?”

“இணைப்பு சார். மனுவோட ஆதாரம் வைக்கணும்னு சொன்னீங்களே.”

“வெளிய எடுத்துட்டுப் போங்க மொதல்ல!”

“வரைபடத்தப் பாத்துச் சொல்லுங்க, எடுத்துட்டுப் போறேன். நாளைக்கு வரச் சொன்னா நாளைக்கும் இதோடதான் வருவேன். நாளைக்கு இன்னும் ஊறியிருக்கும்.”

“இது கவர்மென்ட் ஆபீஸ். போலீசக் கூப்பிடவா?”

“கூப்பிடுங்க. அவங்களும் மோந்து பாக்கட்டும்.”

மேசைகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக டீ குடிக்க எழுந்துபோனார்கள். ஒரு பெண் அதிகாரி வாசல்வரை போய்த் திரும்பி, “எடுத்துக் குடுத்துத் தொலைங்களேன்யா” என்று கத்தினாள். நாளைக்கு எழுந்தார். சாவி அவருடைய மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

வரைபடம் சுருட்டிய துணிபோல் வந்தது. ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. அவர் அதைக் கண்ணாடியின் மறுபக்கம் விரித்து நான்கு மூலைக்கும் பாரம் வைத்தார். அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள். பெரிய தெரு தெரிந்தது. வீடு ஒரு கட்டமாகத் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு கோடு; அதுதான் சந்து. கோடுகளுக்கு நடுவே ஒரு சிறிய வட்டம்.

“இருக்கு,” என்றார் அவர். தோற்றவர் குரலில் இல்லை. அவள் மேல் இன்னும் ஒரு குற்றம் கண்டுபிடித்தவர் குரலில்.

“இருக்குல்ல? லாரிய அனுப்புங்க.”

“இருந்தா? இப்ப அது ஒருத்தர் கட்டடத்துக்குள்ள இருக்கு. நெனச்ச மாதிரி போய் ஒடைக்க முடியாது. புகார் வேணும். பொதுச் சாக்கடைய மூடிட்டாங்க, நடவடிக்கை எடுங்கன்னு எழுதிக் குடுத்தாத்தான் ஏ.இ. வருவார்.”

“எழுதறேன்.”

“யோசிச்சு எழுதுங்க. இப்ப ஆத்திரத்துல எழுதிட்டு, அப்புறம் சொந்தக்காரங்க சார், ராசியாயிட்டோம் சார்னு வந்து நிப்பீங்க. தெனமும் பாக்கறேன் இந்தக் கூத்த.”

“நான் நிக்கமாட்டேன்.”

மூட்டையின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினாள். எழுத்து மேடுபள்ளமாக வந்தது. மூடச் சொன்னவர் மீதும், மூடிய ஆள் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடித்தாள். அவர் வாங்கிப் படித்தார்.

“மூடின ஆள எதுக்கு இழுக்கறீங்க? கூலிக்கு வந்தவன்.”

“கூலிக்கு வந்தாலும் கண்ணு இருக்கும்ல சார் அவனுக்கு? மேன்ஹோல்னு தெரிஞ்சுதானே மேல தரை போட்டான்?”

அவர் தோளைக் குலுக்கி முத்திரை குத்தினார். அவள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அன்று அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னபோது கணவன் கைகழுவிக்கொண்டிருந்தான்.

“மூடின ஆளையுமா எழுதின?”

“எழுதினேன்.”

“அவன எங்க போய்த் தேடுவாங்க? வெளியூர்க்காரன்.”

“தேடட்டும். அவங்களுக்கும் ஒரு அலைச்சல் வேணும்ல?”

அவன் ரொம்ப நேரம் கைகழுவினான்.

லாரி வந்த காலையில் மழை விட்டிருந்தது. உறிஞ்சும் குழாயைச் சுற்றிவைத்த பெரிய லாரி சந்தின் வாயை அடைத்து நின்றது. ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், இளவயதுக்காரர். வரைபடத்தின் நகலைக் கையில் வைத்திருந்தார். கூட இரண்டு ஆட்கள், சம்மட்டியோடு. ஜெராக்ஸ் அக்கா கடைவாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

“யாரு கடைக்குள்ள யாரு வர்றது? என் மேல ஏறிப் போங்க!”

“அம்மா, நோட்டீஸ் குடுத்தாச்சு. வழிய விடுங்க.”

“அவ சொன்னான்னு வந்துட்டீங்களா? ஊர்ப் பீத்துணி துவைக்கறவ பேச்சக் கேட்டு என் பொழப்புல மண்ணப் போடறீங்களா?”

“துவைக்கறேன் அண்ணி. ஒளிச்சு வைக்கல.”

ஆட்கள் ஜெராக்ஸ் அக்காவின் கைக்கு அடியில் நுழைந்து பெரிய மெஷினை ஓரமாகத் தள்ளினார்கள். பொறியாளர் நகலைப் பார்த்து, சுவரிலிருந்து டேப் பிடித்து அளந்து, ஓரிடத்தில் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார். சம்மட்டி விழுந்தது. டைல் நட்சத்திரமாக உடைந்தது. கீழே சிமெண்ட், அதற்கும் கீழே வெறும் மண். சுவரே மாறிய பிறகு சுவரிலிருந்து அளந்து பயன் என்ன? ஒரு கை தள்ளி இன்னொரு குறி. இரண்டு டைல் போனது. அங்கேயும் மண்.

“நான் சொல்லல?” என்றாள் ஜெராக்ஸ் அக்கா. “ஒடைங்க. முழுசா ஒடைச்சுட்டு ஒண்ணுமில்லன்னு போங்க. அப்புறம் இருக்கு உங்களுக்கு.”

கணவன் அன்று வேலைக்குப் போகவில்லை. சந்து முனையில், லாரிச் சக்கரத்தை ஒட்டிக் கடைக்குள் பார்த்தபடி நின்றிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் அவன் தோள் சுருங்கியதை அவள் பார்த்தாள். மூன்றாவது குறிக்குச் சம்மட்டியை ஓங்கியபோது அவன் வாய்விட்டுச் சொன்னான்:

“அங்க இல்ல.”

எல்லோரும் திரும்பினார்கள். அவன் செருப்பைக் கழற்றினான். உள்ளே போனான். உடைந்த துண்டுகளைக் காலால் ஒதுக்கி, சன்னலுக்கு நேராக இருந்த ஒரு டைலின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து மெல்லிய தகட்டை எடுத்து இடுக்கில் இருந்த வெள்ளைப் பூச்சைச் சுரண்டினான். நான்கு பக்கமும் சுரண்டி, தகட்டை ஒரு மூலையில் செருகி நெம்பினான். டைல் உடையாமல், கீறாமல், பெட்டி மூடிபோல் எழுந்து வந்தது. அடியில் சிமெண்ட் இல்லை. மணல். மணலைக் கையால் வாரினான். இரும்பு மூடி தெரிந்தது.

எடுத்த டைலைப் பத்திரமாகச் சுவரில் சாய்த்து வைத்தான். அதன் மேலிருந்த தூசியைப் புறங்கையால் துடைத்தான். அப்புறம்தான் அவனுக்கு, தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது.

“அறிவுகெட்டவனே,” என்றாள் ஜெராக்ஸ் அக்கா, மெதுவாக.

அவள் வாசலில் நின்றபடியே கணவனைக் கேட்டாள். குரல் உயரவில்லை.

“வெளியூர் ஆளுங்க?”

“அக்கா கேட்டுச்சு. நீ அப்ப இங்க இல்ல.”

“ஆமா. நான் அப்ப உங்க புள்ளையப் பெத்துக்கிட்டிருந்தேன்.”

“ஒரேயடியா மூட எனக்கு மனசு வரல. அதான் இந்த ஒண்ண மட்டும் மணல்ல வச்சேன். என்னைக்காவது வேணும்னா எடுக்கலாம்னு…”

“என்னைக்கு? என் மெஷினுக்குள்ள ஏறின அன்னைக்கா? லாட்ஜ்காரன் மூட்டைய வாசல்ல வீசின அன்னைக்கா? நீங்க பக்கத்துல உக்காந்து முட்ட தின்னீங்களே, அன்னைக்கா?”

“சொல்லியிருந்தா என் வேல போயிருக்கும்.”

“சொல்லல. இப்ப மட்டும் போகாதா?”

பொறியாளர் புகாரை விரித்து ஜெராக்ஸ் மெஷினின் மேல் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

“இங்க பாருங்கம்மா. இந்தப் புகார் இருந்தாத்தான் நான் அந்த மூடியத் தொடலாம். இருந்தா ரெண்டு பேர் மேலயும் போகும், நீங்க எழுதின மாதிரியே. நகராட்சி வேல எதுலயும் அப்புறம் இவர எவனும் சேக்கமாட்டான். வேணாம்னா வேணாம்னு இதுலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. லாரிய எடுத்துட்டுப் போயிடறேன். திரும்ப வரணும்னா நீங்க மொதல்லேர்ந்து வரணும்.”

“சார், கொஞ்சம் பாத்து…” என்றான் கணவன்.

“நான் என்னத்தப் பாக்கறது? எழுதினது உங்க வீட்டம்மா.”

ஜெராக்ஸ் அக்கா விரித்த கையை இறக்கியிருந்தாள். குரலும் இறங்கியிருந்தது.

“வேணாம்னு எழுதிடும்மா. குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கலாம். நாம என்ன மூணாம் மனுஷங்களா?”

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவளுக்கு ஓர் ‘அம்மா’ வந்தது அன்றுதான். கணவன் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான். கையெல்லாம் மணல்.

“இன்னைக்கு ராத்திரி நானே தொறந்து விடறேன். ஆள் வச்சு அள்ளிடறேன். யாருக்கும் தெரியாது.”

“யாருக்கும் தெரியாமத்தானே இவ்வளவு நாளும் இருந்துச்சு.”

“புள்ளைக்காகவாவது யோசி. நான் வேலைக்குப் போகலன்னா என்ன பண்றது?”

“துணி துவைக்கலாம். எடம் இருக்கு.”

அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். உடைந்த டைல் செருப்புக்கடியில் நொறுங்கியது. பொறியாளரிடம், “குழாய உள்ள விடுங்க சார்” என்றாள்.

“நல்லா யோசிச்சுட்டீங்களா?”

“விடுங்க.”

ஆட்களில் ஒருவன் கொக்கியைப் போட்டு மூடியை இழுத்தான். அது உடனே வரவில்லை. இன்னொருவனும் சேர்ந்து இழுக்க, ஒரு முனகலோடு பெயர்ந்தது. அடியிலிருந்து எழுந்த நாற்றம் கடையை நிறைத்தது. ஜெராக்ஸ் அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பொறியாளர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதினார். மூடச் சொன்னவர் பெயர், உறவு, கடை விலாசம். அதை முடித்துவிட்டு அடுத்த வரிக்கு வந்தார்.

“மூடின ஆள். பேரு?”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். அவளே சொன்னாள்.

“தொழில்?”

“டைல்ஸ் மேஸ்திரி.”

“விலாசம்?”

“அதான் புகார்லயே மேல எழுதியிருக்கே சார். என் விலாசம்.”

பேனா கொஞ்சம் நின்றது. பொறியாளர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, ‘மேற்படி’ என்று எழுதினார்.